வாய்க்கால் மேட்டில் போன வெள்ளைப் பனியன்

என் மேசையை இப்போது நீங்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதன் இடது பக்க இழுப்பறை மழைக்காலத்தில் திறக்காது. மல்லுக்கட்டாதீர்கள், கைப்பிடி கையோடு வந்துவிடும். மற்றபடி அந்த மேசையில் ரகசியம் ஒன்றும் இல்லை. பிழை திருத்துவது, பக்கம் கட்டுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். கணினி முன்னால் நான் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே நீங்கள்! நான் சொல்ல நினைப்பது, நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் கண்ணை மூடிக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

திருப்பூரில் பாதிப் பேருக்கு நம் அச்சகம் டேக் அடிக்கும் இடம். வெளிநாட்டுக்குப் போகும் பனியன்களின் கழுத்தில் தொங்குகிற அட்டை, சைஸ் ஒட்டுகிற ஸ்டிக்கர், இவைதான் நமக்குச் சோறு. ஷிப்மென்ட் இல்லாத நாட்களில் அதே மிஷினில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடலாம் என்று நினைத்தவர், இந்த அச்சகத்தைத் தொடங்கிய பெரியவர். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். "அம்மிணி, கொழந்தைக புக்குல கடைசிப் பக்கத்துல ஒரு ஜன்னலாவது தொறந்திருக்கோணும். மூச்சு முட்ட வெச்சு அனுப்பிறாதீங்க" என்பார். அதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு கதையில் தொலைந்து போன நாய் கடைசி வரை கிடைக்காது. நான் ஒரே பத்தியில் நாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எழுதியவரும் மகிழ்ந்தார், படித்த பிள்ளைகளும் மகிழ்ந்தார்கள். நாய் திரும்பி வந்ததில் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால் எனக்குக் கை கூசவில்லை, அடுத்தடுத்த கதைகளிலும் ஜன்னல் திறந்துகொண்டே இருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு மரகதம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டையும் நூல் பிசிறும் தேடுகிற வேலை அது. மதிய சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்து, ஒரு காகிதக் கட்டை என் முன்னால் வைத்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட செக்கிங் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். முன்பக்கத்தில் எத்தனை பீஸில் ஓட்டை என்ற கட்டங்கள், பின்பக்கத்தில் ஒன்பது பாடங்களாக ஒரு கதை.

"பத்து வயசுப் புள்ளைக படிக்கறாப்புல எழுதிப் பாத்தனுங்க்கா. எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்ப நடந்ததுங்க. நல்லா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

மடத்துக்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பது வயது வேலு. ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருப்பு, ஊருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் நிலபுலம் வைத்திருக்கும் தோட்டக்காரர்களின் வீதி. அந்த வீதியின் இரண்டு முனையிலும் ஒரு சின்னப் பாலம். வேலுவின் ஆட்கள் முதல் பாலத்தில் சட்டையையும் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் மேலோடு வீதியைக் கடந்து, அடுத்த பாலத்துக்குப் போய்த்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆடு மேய்க்கிற சிறுவனும் சரி, பேரன் எடுத்தவரும் சரி. வேலுவின் மாமன் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலைக்குச் சேர்கிறார். ஊருக்கு வரும்போது வேலுவுக்கு ஒரு வெள்ளைப் பனியன் கொண்டு வருகிறார். ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்ளும் பனியனை மடிக்கிறவரின் மருமகன், அதே ஊரில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. முதல் நாள் சந்தோஷத்தில் கழற்ற மறந்து வீதிக்குள் போன வேலுவை நிறுத்தி, ஒருவர் கைத்தடியின் நுனியால் பனியனின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். அடிக்கவில்லை. "யாருதுடா இது?" என்று மட்டும் கேட்கிறார். அங்கேயே நின்று கழற்றிவிட்டுப் போகிறான் பையன்.

இதுவரைக்கும் எட்டுப் பாடங்கள், அவற்றில் என்னால் ஒரு எழுத்தைக் கூடத் தொட முடியவில்லை.

ஒன்பதாம் பாடத்தில் வேலுவின் அம்மா சொல்கிறாள்: "கழட்ட வேண்டாம். வாய்க்கா மேட்டுல சுத்திப் போ." ஊரைச் சுற்றிக்கொண்டு அமராவதி வாய்க்கால் ஒன்று போகிறது. அதன் கரையில் நடந்தால் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் கூடுதல் நடை. மறுநாளிலிருந்து வேலு அப்படித்தான் போகிறான். அதோடு கதை முடிந்தது.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவ்வளவுதானா? ஒதுங்கிப் போவதையா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது? ஜன்னல் எங்கே? உடனே சிவப்புப் பேனாவை எடுத்தேன். வாய்க்கால் மேட்டை முழுக்க அடித்தேன். வேலு பனியனோடு பாலத்தில் நிற்கிறான். வீதியில் மூன்றாவது வீட்டுக் கதவு திறக்கிறது. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா வெளியே வருகிறார். "கழட்டாத கண்ணு, அப்படியே வா" என்று அவன் கையைப் பிடித்து வீதி முழுக்க நடத்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விடுகிறார். ஊரே வாயடைத்துப் போகிறது. எழுதும்போதே நான் அழுதேன் என்றால் பாருங்கள்.

மரகதத்தை வரச்சொல்லிப் படித்துக் காட்டினேன். "எப்படி இருக்குங்க?" என்றேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். பிறகு, "சரிங்க்கா" என்றாள்.

"இதுதான் முடிவா வெச்சுக்கலாமுங்களா?"

"சரிங்க்கா. நீங்க சொன்னாச் சரிங்க."

எவ்வளவு சுலபமான எழுத்தாளர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த வாரமே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நான்தான் அதைக் கண்டும் காணாமல் விட்டேன். படம் வரைகிறவர் போனில் மரகதத்திடம் விவரம் கேட்டார். நானும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலம் எப்படி இருக்கும் என்றால், கருங்கல் என்றாள், ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கும் என்றாள். பனியனின் கழுத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல் என்றாள். கைத்தடி மூங்கில், பூண் பித்தளை. எல்லாவற்றையும் கையில் வைத்துப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். "அந்த அம்மா எப்படி இருப்பாங்க? உயரமா, குட்டையா?" என்று கேட்டபோது மட்டும், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

தம்பி தங்கைகளே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் நிறமும் அளவும் சொல்கிற ஆள், ஓர் இடத்தில் வந்து "உங்க இஷ்டம்" என்றால், அந்த இடம் அவருடையது இல்லை. நீங்கள் கொண்டு வந்து வைத்தது.

ஒரு பனியன் கம்பெனி முதலாளி, அவருடைய சொந்த ஊரும் மடத்துக்குளம் பக்கம்தான், அங்குள்ள பள்ளிகளின் நூலகங்களுக்கு இந்தப் புத்தகத்தை வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டார். கதையைச் சொன்னபோது பச்சைச் சேலை அம்மா வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே வெளியீடு என்று முடிவானது. புத்தகம் முழுக்க அச்சாகி மடிப்புக்குப் போய்விட்டது. பைண்டிங் மட்டும் பாக்கி.

புதன்கிழமை மரகதம் வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு நூல் பிசிறை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ஒரு உதவிங்க்கா. புக்கு வரட்டுங்க. என்ற பேரு மட்டும் வேண்டாங்க."

"என்னது?"

"அட்டையில என்ற பேரை எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாங்க."

என் கோபம் உங்களுக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை வெளியீட்டை வெச்சுட்டு இப்ப வந்து பேரு வேண்டாமுன்னா என்ன அர்த்தம்? காரணம் வேண்டாமா?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

"காரணம் ஒண்ணுமில்லீங்க, சும்மாதானுங்க" என்றாள். கண்ணில் நீர் கட்டி நின்றது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டீ வரவழைத்து, வலுக்கட்டாயமாக உட்காரவைத்தேன். பாதி டீ குடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நேத்து ஊருக்குப் போயிருந்தனுங்க. எங்கப்பாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டுனனுங்க. எட்டுப் பாடம் வரைக்கும் தலையாட்டீட்டே கேட்டாருங்க. ஒம்பதாவதுல அந்தம்மா வந்து கூப்புடற எடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாருங்க. 'அந்தம்மா யாரு கண்ணு? எந்த ஊடு?'ன்னாரு. கதைக்காகப் போட்டதுங்கப்பான்னு சொன்னனுங்க. அவரு காதுல அது ஏறலீங்க. 'நெசமாலும் யாராச்சும் கூப்புட்டிருப்பாங்களோ? நாந்தான் கேக்காம வாய்க்கா மேட்டுக்குத் திரும்பீட்டனோ?'ன்னாருங்க. காலையில எந்திரிச்சதும் மறுபடியும் அதையே கேக்கறாருங்க்கா. 'மூணாவது ஊடுன்னா எதுன்னு நெனவு வல்லியே'ங்கறாரு."

நூல் பிசிறு விரலில் இறுகி, நகத்தடி வெளுத்திருந்தது.

"அம்பது வருசத்துக்கு மேல அவரு மனசுல தெளிவா இருந்ததுங்க அது. நானே அதைக் கொண்டு போயிக் கலைச்சு உட்டுட்டனுங்க."

ஒரு பிள்ளையை யாருமே கூப்பிடவில்லை. அதுதான் நடந்தது. அப்படிக் கூப்பிடாதவர்களுக்குப் பதிலாக நான் ஒரு நல்லவரை நிறுத்தப் போய், கூப்பிட்டும் கேட்கவில்லை என்ற குற்றம் அந்தப் பிள்ளையின் காதில் போய் விழுந்துவிட்டது. இப்படியும் ஒரு பழி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அன்னைக்கே புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, மரகதம்?"

"உங்ககிட்டப் போயி எப்படிங்க்கா சொல்றது?" என்றாள், எனக்கு அது தெரியாதா என்பது போல.

எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு தோட்டக்காரர் வீதியில், அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான். இந்தச் சங்கதியை முப்பது வருடத்தில் அலுவலகத்தில் யாரிடமும் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரகதத்துக்கு மட்டும் என் ஊரையும் என் அப்பா பெயரையும் சொன்ன அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கிறது. அவளுடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் மாதிரி வீடுகளின் வாசலில் நின்று சொன்ன பதிலைத்தான் அவளும் என் மேசை முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சைச் சேலை என் அம்மாவுடையது. "கண்ணு, அப்படியே வா" என்ற குரலும் அம்மாவுடையதுதான், என்னைக் கூப்பிடும் குரல். எழுதும்போது ஏன் அழுதேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என் அம்மா நல்லவர். ஆனால் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி எத்தனையோ பேர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒரு நாளும் அவர் கதவைத் திறந்து யாரையும் கூப்பிட்டதில்லை. அதைச் சரிக்கட்ட, மரகதத்தின் கதைக்குள் புகுந்து நான் என் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நெருக்கடி வந்தால் முதலில் யோசியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதலில் பைண்டிங்கை நிறுத்துங்கள். தைத்துவிட்டால் பிரிக்க மனசு வராது, பிறகு நம் மூளை அதற்குத் தகுந்த நியாயங்களைத் தேட ஆரம்பித்துவிடும். எனக்கும் இரண்டு சுலபமான வழிகள் தோன்றத்தான் செய்தன. பெயரை எடுத்துவிடலாம், அவளே கேட்கிறாளே. அல்லது முன்பக்கத்தில் 'கடைசிப் பாடம் கற்பனை' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடலாம். நல்லவேளையாக அவை தோன்றுவதற்கு முன்பே பைண்டிங் அறைக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் பாடம் முழுக்கக் கடைசிப் பதினாறு பக்கத்தில் இருந்தது. அந்தப் பதினாறும் ஒரே தாளில் அச்சாகி மடிபடுவது. அதை மட்டும் புதிதாக அடித்தால் போதும். ஆனால் மிஷினில் டேக் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கப்பல் ஏற வேண்டிய சரக்கின் டேக். நம் ஊரில் ஷிப்மென்ட் என்று சொல்லிவிட்டால் கல்யாணத்தையே தள்ளி வைப்பார்கள். மிஷின் ஓட்டுகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"என்னக்கா, இப்படி வந்து நிக்கிய? பதினாறு பக்கந்தானே? நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மிஷின் சும்மாதான கெடக்கும், அதுல ஓட்டிருவோம். பயலுவ மாறி மாறிச் சாப்பிடட்டும்" என்றார். பிறகு, "எதுக்குக்கா மாத்துதிய? நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தான் இருந்துது. நடக்கலை" என்றேன். அவர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரகதத்தின் செக்கிங் தாள்களை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவள் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. அவள் படிக்கப் படிக்க நான் தட்டினேன். ஓர் இடத்தில் என் பழைய வழக்கத்தில், "இங்க ஒரு வரி சேத்தலாமுங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேண்டாங்க்கா" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல பதில்களில் அதுவும் ஒன்று.

கம்பெனி முதலாளிக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் வேண்டாம் என்றால் புத்தகம் எந்தப் பள்ளிக்கும் போகாது. அடித்த கட்டுகள் நம் மாடியில்தான் தூங்கும். ஆனாலும் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு அடிப்பதா, அடித்துவிட்டுச் சொல்வதா என்று நான் குழம்பவில்லை. மறுநாள் மதியம் மிஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் போன் செய்தேன்.

"ஏனுங்க்கா, அந்த எடத்துலதானுங்க எனக்குக் கண்ணு கலங்குச்சு. அதைப் போயி எடுத்துட்டீங்களா?" என்றார்.

"அது மரகதம் எழுதுனதில்லீங்க. நான் எழுதுனதுங்க."

அவர் கம்பெனியில் தையல் மிஷின்கள் ஓடுவது மட்டும் கேட்டது.

"அப்ப நெசமா ஒருத்தருமே கூப்புடலீங்களா?"

"இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. சனிக்கிழமை காலையில் அவருடைய கம்பெனி வேன் வந்து நம் வாசலில் நின்றது. கட்டுகளை ஏற்றச் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் வெளியீட்டுக்கு வந்தார். மேடைக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பதாம் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வெளியீடு நல்லபடியாக நடந்தது. பிள்ளைகள் ஒன்பதாம் பாடத்தைப் படித்துவிட்டு, இந்த வாய்க்கால்தானே, இந்த மேடுதானே என்று கத்தினார்கள். இன்றைக்கு அந்த வீதியில் யாரும் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. டீக்கடையில் மட்டும் அவள் ஆட்களுக்குக் கண்ணாடி கிளாஸ் இல்லாமல் காகிதக் கப்பில்தான் டீ வருகிறது என்று மரகதம் சொன்னாள். அதை அவள் அடுத்த கதையில் எழுதட்டும். நான் பேனாவோடு போக மாட்டேன்.

உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அந்த மேசையில் ரகசியம் ஒன்றும் இல்லை என்றேனே, இடது பக்க இழுப்பறையில் இருக்கிறது. பச்சைச் சேலை அம்மா வருகிற அந்தப் பழைய பதினாறு பக்கத் தாள், மடித்தபடி. வெயில் காலத்தில் திறந்து படியுங்கள். நன்றாகத்தான் எழுதியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், படியுங்கள்.

பெரியவர் சொன்ன ஜன்னலைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. வெளியீடு அன்று காலையில் முதலில் மரகதத்தின் வீட்டுக்குத்தான் போனேன். கதையில் வேலுவாக வந்த அவளுடைய அப்பா ஆறுமுகம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் தயாராக வாசலில் நின்றார். ஒல்லியான, நெடிய மனிதர். கார் நின்றது. அவர் ஏறவில்லை.

"அம்மிணி, நடக்க முடியுங்களா? அந்த வழியாவே போயிறலாமுங்க" என்றார்.

வெளியீட்டுக்கென்று விறைப்பான பட்டுச்சேலையும் புதுச் செருப்பும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மரகதத்தைக் காரில் அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் மேட்டில் ஏறினோம். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பத்தடி போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு.

"அண்ணா, அந்த அம்மாவை நாந்தானுங்க எழுதுனது. மரகதம் எழுதலை. அப்படி யாரும் இல்லீங்க. யாரும் உங்களைக் கூப்புடலீங்க."

அவர் நின்றார். வாய்க்காலைப் பார்த்தார்.

"அப்ப நான் கேக்காமப் போகலீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"அது போதுமுங்க" என்றார். முகம் அப்படியே இளகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் அதைத் திரும்பிப் பார்த்தார்.

போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார். இந்த வளைவில்தான் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆனது. இந்தக் கல்லில் உட்கார்ந்துதான் கம்பஞ்சோறு. மீன்கொத்தி வந்து உட்காரும் கம்பம் இப்போது மாறிவிட்டது, முன்பு மரக்கம்பம். "காலையில இங்க ஒரு ஈ காக்கா இருக்காதுங்க. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த பாட்டையெல்லாம் கத்திக் கத்திப் படிப்பனுங்க. இந்த மேட்டுல நாந்தானுங்க ராசா."

"தெனமும் இவ்வளவு தூரம். கஷ்டமா இல்லீங்களாண்ணா?" என்றேன், எனக்கு மூச்சு வாங்கியது.

"காலுதானுங்க வலிக்கும்" என்று சிரித்தார்.

மேடு முடிகிற இடத்தில், வீதியின் அந்த முனையில், பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பாலம் வந்தது. கருங்கல், ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் உடைந்தது, மரகதம் சொன்னபடியே. ஆறுமுகம் அங்கே நின்று சட்டையின் முன்பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

"ஊரு வீதி வழியா வந்த எங்க பசங்கெல்லாம் இங்க நின்னுதானுங்க சட்டையை மாட்டுவானுக. அவனுகளுக்கு முன்னால, நான் போட்ட பனியனோட மேட்டுல இருந்து எறங்கி வருவனுங்க. அஞ்சு வருசம். ஒரு நாளும் கழட்டலீங்க அம்மிணி."

இந்தப் பாடத்தைத்தான் ஜன்னல் இல்லை என்று நான் சிவப்பு மையில் அடித்திருந்தேன்.